பனியன் கம்பெனிக்கு இன்சூரன்ஸ்: ஏஜென்டா, வங்கியா, ஆன்லைனா, புரோக்கரா?

திருப்பூரில் நடுத்தர பனியன் கம்பெனி ஒன்றின் சரக்கு ஒரே கூரையின்கீழ் இருப்பதில்லை. நூல் நிட்டிங் யூனிட்டில் இருக்கும். சாயம் ஏறாத கிரே துணி சாயப்பட்டறையில் காத்துக்கிடக்கும். சாயம் ஏறிய துணி, பின்னால் சுருங்காதபடி பக்குவப்படுத்தும் காம்பாக்டிங்கில் இருக்கும். வெட்டிய பீஸ் பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் போயிருக்கும். பேக்கிங் முடிந்த பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரியில் இருக்கும். ஆனால் அந்தக் கம்பெனியின் தீ விபத்து பாலிசியைப் பிரித்துப் பார்த்தால் அநேகமாக ஒரே ஒரு முகவரிதான் இருக்கும், தையல் யூனிட் நடக்கும் கட்டடத்தின் முகவரி.

வேறோர் ஊரில் உள்ள சாயப்பட்டறையில் தீப்பிடித்து நம் துணி எரிந்தால் அந்த பாலிசியில் முழுப் பணம் கிடைக்காது. பட்டறைக்காரரின் பாலிசியிலும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அவர் தம் இயந்திரத்துக்கும் தம் சாயப்பொருளுக்கும் பிரீமியம் கட்டியிருப்பார். பிறர் ஒப்படைத்த சரக்கும் இந்த பாலிசியில் அடங்கும் என்று எழுதி, அதன் மதிப்பையும் சேர்த்திருந்தால்தான் நம் துணிக்கு அதில் இடம் உண்டு. இரண்டு தரப்பும் ஒழுங்காக பிரீமியம் கட்டியும் எரிந்த துணிக்கு யாரும் பொறுப்பில்லாமல் போவது இப்படித்தான்.

சிறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கணக்கு எழுதும் வேலையில் இருப்பதால், ரெனியூவல் நெருங்கும்போது முதலாளிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கே பிரீமியம் குறைவு? அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. பாலிசி எழுதுவதற்கு முன், நம் சரக்கு எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க யார் நேரில் வருவார்? எரிந்த மறுநாள் நட்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து நிற்கும்போது நம் பக்கத்தில் யார் நிற்பார்? நான்கு வழிகளையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே ஒப்பிடுகிறேன்.

ஏஜென்ட்

தனிநபர் ஏஜென்ட் ஒருவர் பொதுக் காப்பீட்டில் ஒரு நிறுவனம், ஆயுள் காப்பீட்டில் ஒரு நிறுவனம், மருத்துவக் காப்பீட்டில் ஒரு நிறுவனம் என்ற அளவில்தான் செயல்பட முடியும். ஒரே வகைக் காப்பீட்டை மட்டும் விற்கும் ஒற்றைத் துறை நிறுவனங்களுக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. ஆகவே தீ பாலிசிக்கு அவர் கொண்டுவருவது ஒரே நிறுவனத்தின் விலை, ஒரே நிறுவனத்தின் நிபந்தனை. சட்டத்தின் பார்வையில் அவர் அந்த நிறுவனத்தின் ஆள்.

இதை வைத்து ஏஜென்டைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் ஏஜென்ட் என்பவர் பெரும்பாலும் பங்காளியாகவோ மாமன் மகனாகவோ, கல்யாணம் காதுகுத்து என்று எல்லா விசேஷத்துக்கும் வரும் பழைய ஆசிரியராகவோ இருக்கிறார். கோவை மருத்துவமனையில் நள்ளிரவில் பணமில்லாச் சிகிச்சைக்கு ஒப்புதல் வராமல் நிற்கும்போது போனை எடுக்கிறவர் அவர்தான். குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு, டெர்ம் பாலிசி, கார், ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கு நல்ல ஏஜென்ட் ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். சிக்கல் வருவது தொழிற்சாலையையும் அதே உறவின் பேரில் அவர் கையில் கொடுக்கும்போது. "பார்த்துக்கொள்ளலாம் அண்ணா" என்று அவர் மனதாரச் சொல்வார். சாயப்பட்டறைச் சரக்கை எந்த விதத்தில் பாலிசிக்குள் கொண்டுவருவது என்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலையாக இருக்கலாம். உறவை வைத்துக்கொண்டே வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். வீட்டு பாலிசிகள் அவரிடமே இருக்கட்டும்.

வங்கி

வங்கிகள் கார்ப்பரேட் ஏஜென்டாகப் பதிவு செய்துகொண்டு பாலிசி விற்கின்றன. 2022இல் விதி தளர்ந்த பிறகு, ஆயுள், பொது, மருத்துவம் ஒவ்வொன்றிலும் ஒன்பது நிறுவனங்கள் வரை அவர்களால் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியும். கிளையில் போய்க் கேட்டால் அத்தனையும் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

நான்கு வழிகளில் அதிக ஆபத்தானது இதுதான் என்று சொல்வேன். காரணம் வங்கியின் கெட்ட எண்ணம் அல்ல. அவர்களுடைய அக்கறை தங்கள் கடனோடு நின்றுவிடுகிறது. சி.சி. என்னும் கேஷ் கிரெடிட் கடன் கணக்குக்கு அடமானமாகக் காட்டிய சரக்குக்கு பாலிசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் கணக்கில் பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பாலிசி போட்டுவிடுவார்கள். தொகை பல நேரங்களில் கடனை ஒட்டியே இருக்கும். பாலிசி நகல் வங்கிக் கோப்பில் இருக்கும்; முதலாளி அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். யூனிட் வேறிடத்துக்கு மாறிய பிறகும் பழைய முகவரியிலேயே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்த பாலிசியை நான் பார்த்திருக்கிறேன். பிரீமியம் ஒழுங்காகப் பிடிக்கப்பட்டிருந்தது. சரக்கு அந்த முகவரியில் இல்லை.

எங்களிடம்தான் பாலிசி எடுக்க வேண்டும், அப்போதுதான் கடன் என்று வங்கி கட்டாயப்படுத்த விதிகளில் இடமில்லை. வேறு வழியில் எடுத்த பாலிசியில் வங்கியின் பெயரை அடமானதாரராகச் சேர்த்து நகலைக் கொடுத்தால் போதும். இந்த வேலையை ரெனியூவலுக்கு முன்பே, எழுத்து மூலம் செய்யுங்கள். தாமதித்தால் கணக்கில் பணம் பிடித்துவிட்டு, ஒரே சரக்குக்கு இரண்டு பாலிசி என்ற நிலை வரும்.

ஆன்லைனும் நேரடியும்

இங்கே அதிகம் பேச ஒன்றுமில்லை. வாகனங்களுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே தொகை. அதற்கு இடையில் ஆள் தேவையில்லை. தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமை உள்ளவர்கள் ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம், சிலவற்றில் தள்ளுபடியும் உண்டு. ஊழியர்களுக்கான குழு மருத்துவ பாலிசிக்கு அந்த வரிவிலக்கு கிடையாது, 18 சதவீதம் தொடர்கிறது.

தொழிற்சாலைக்கு ஆன்லைன் பொருந்தாது. திரையில் வரும் படிவம் உங்கள் குடோனின் பின்பக்கம் ஓடை போகிறதா என்று கேட்பதில்லை. நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்கே நேரடியாகப் போகலாம். நல்ல அதிகாரி அமைந்தால் நல்ல பாலிசி கிடைக்கும். ஆனால் அவர் மாற்றலாகிப் போனால் அந்தப் புரிதலும் அவரோடு போய்விடும். இடையாளை நீக்கினால் கமிஷன் நமக்குத் தள்ளுபடியாக வரும் என்ற எண்ணமும் தொழில் பாலிசிகளில் பெரும்பாலும் பலிப்பதில்லை.

புரோக்கர்

புரோக்கர் சட்டப்படி வாடிக்கையாளரின் பிரதிநிதி. எந்த நிறுவனத்திடமிருந்தும் விலை கேட்கலாம், எதனோடும் கட்டுண்டவர் அல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி நேரடி புரோக்கராகப் பதிவு பெறக் குறைந்தது 75 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும். தகுதித் தேர்வில் தேறிய முதன்மை அதிகாரி வேண்டும். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். அதாவது அவருடைய கவனக்குறைவால் நமக்கு நட்டம் வந்தால் ஈடுகட்ட அவர் பெயரில் ஒரு பாலிசி இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஏஜென்டுக்கு இப்படியொரு பாலிசி கட்டாயமில்லை.

நிறுவனமாகவோ எல்.எல்.பி.யாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ பதிவு செய்த அமைப்புதான் புரோக்கராக முடியும். "நான் புரோக்கர், எல்லா கம்பெனி பாலிசியும் போடுவேன்" என்று ஒருவர் தனியாக வந்தால், எந்த புரோக்கர் நிறுவனத்தில் இருக்கிறீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்க வேண்டும். பல நேரங்களில் அவர் ஒரு புரோக்கர் நிறுவனத்தின் கீழ் பி.ஓ.எஸ். (பாயின்ட் ஆஃப் சேல்ஸ்) விற்பனையாளராக இருப்பார். 15 மணி நேரப் பயிற்சி முடித்து, வண்டி பாலிசி போன்ற எளிய, முன்கூட்டியே வடிவமைத்த பாலிசிகளை விற்க அனுமதி பெற்றவர். அந்த வேலைக்கு அவர் போதும். சாயப்பட்டறைக்கும் நூற்பாலைக்கும் பாலிசி வடிவமைப்பது அவருடைய வேலை அல்ல. பதிவு பெற்ற புரோக்கர்களின் பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

புரோக்கருக்குப் பணம் கொடுப்பது நாம் அல்ல, காப்பீட்டு நிறுவனம். பிரீமியத்தில் ஒரு பங்கு அவருக்குக் கமிஷனாகப் போகிறது. பிரீமியம் கூடினால் அவர் வருமானமும் கூடும். தவிர, 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு பாலிசி வகைக்கும் தனித்தனியாக இருந்த கமிஷன் உச்சவரம்பு நீங்கி, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு மட்டும் வரம்பு என்று ஆகிவிட்டது. ஒரு நிறுவனம் அதிகம் தரும், இன்னொன்று குறைவாகத் தரும். நம்முடைய பிரதிநிதி என்று சொல்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. எவ்வளவு கமிஷன் வருகிறது என்று நேராகக் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய நடத்தை விதி. முகம் சுளிக்காமல் சொல்கிறவரோடு வேலை செய்யலாம்.

பாலிசி எழுதுவதில் தெரியும் வித்தியாசம்

ஒரு கணக்கைப் பாருங்கள். குடோனில் உண்மையில் 4 கோடி ரூபாய் சரக்கு இருக்கிறது. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 2 கோடிக்கு மட்டும் பாலிசி எடுத்திருக்கிறீர்கள். ஒரு மூலையில் தீப்பிடித்து 60 லட்சம் ரூபாய் சரக்கு போகிறது. பாலிசித் தொகை 2 கோடி இருக்கிறதே, 60 லட்சம் முழுதாக வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வராது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு எடுத்தீர்கள் என்பதால் பாதி நட்டம் உங்களுடையது. 30 லட்சம்தான் கணக்கு, அதிலும் நாமே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை போகும். குறைமதிப்புக் காப்பீடு என்ற இந்த நிபந்தனைதான் கொங்கு வட்டாரத் தொழில்களில் கிளெய்ம் தொகையை அதிகம் வெட்டுவது என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

ஓரிடத்தில் மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை இருந்தால் பாரத் லகு உத்யம் சுரக்ஷா என்று 2021 ஏப்ரல் முதல் இரண்டு நிலையான பாலிசிகள் எல்லா நிறுவனங்களிலும் இருக்கின்றன. இவற்றில் குறைமதிப்பு 15 சதவீதத்துக்குள் இருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சலுகைக்குள் நிற்க வேண்டுமானால் ஏற்றுமதி சீசனில் சரக்கு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று ஒருவர் நம் ஸ்டாக் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மார்ச் 31 இருப்பை வைத்துத் தொகை போட்டால், ஆர்டர் குவிந்திருக்கும் மாதத்தில் அது பாதிக்கும் வராது. மாதாமாதம் இருப்பைத் தெரிவித்து ஆண்டு முடிவில் பிரீமியத்தைச் சரிசெய்யும் டிக்ளரேஷன் பாலிசியும், பல இடங்களில் உள்ள சரக்குக்கு ஒரே தொகையில் எடுக்கும் ஃப்ளோட்டரும் இதற்காகவே இருக்கின்றன. ஜாப் ஒர்க் (நம் சரக்குக்குப் பிறர் கூலிக்குச் செய்யும் வேலை) நடக்கும் எல்லா யூனிட்டுகளின் முகவரியும் அதில் ஏறியிருக்க வேண்டும். புதிதாக ஒரு காம்பாக்டிங் யூனிட்டுக்கு மாறினால் அன்றே ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். நல்ல புரோக்கர் என்றால் இந்த மின்னஞ்சலை நம்மிடம் அவரே கேட்டு வாங்குவார்.

இயந்திரத்துக்கு வேறு கணக்கு. பத்தாண்டு ஓடிய வட்டப் பின்னல் இயந்திரத்துக்குப் புத்தக மதிப்பைத் தொகையாகப் போட்டால், எரிந்த பிறகு அந்தப் பணத்தில் ஊசிகூட மாற்ற முடியாது. புது இயந்திரத்தின் இன்றைய விலையில், மறுநிறுவல் மதிப்பு அடிப்படையில் போட வேண்டும். பாய்லர் வெடித்தால் அந்த பாய்லருக்கு ஏற்படும் சேதம் தீ பாலிசியில் வராது, அதற்குத் தனி பாலிசி உண்டு. வழக்கமான தீ பாலிசியில் கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்தால் காப்பீடு நின்றுபோகும் என்றும் நிபந்தனை இருக்கிறது. ஆர்டர் இல்லாமல் பூட்டிய பனியன் யூனிட்டும், கூலிப் பிரச்சினையில் வாரக்கணக்கில் நிற்கும் சோமனூர் விசைத்தறிக் கூடமும் இந்த நிபந்தனையில் மாட்டக்கூடியவை. நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். இதை நினைவுபடுத்த ஓர் ஆள் இருப்பது, பிரீமியத்தில் சில ஆயிரம் குறைவதைவிடப் பெரிய லாபம்.

பெரிய தொழிற்சாலைகளுக்கான பாலிசியில் புயல், வெள்ளம் ஆகிய பகுதியை நீக்கிவிட்டு விலை குறைத்துக் காட்ட முடியும். நொய்யலுக்கும் ஜம்மனை ஓடைக்கும் பக்கத்தில் இருக்கும் யூனிட்டுக்கு யாராவது மிகக் குறைந்த விலை காட்டினால், முதலில் அந்தப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்றுமதியில் எஃப்.ஓ.பி. ஒப்பந்தம் என்றால் சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு நம்முடையது. திருப்பூரிலிருந்து தூத்துக்குடி வரை லாரியில் போகும் தூரத்துக்கு டிரான்சிட் பாலிசி வேண்டும். வாங்குபவர் பணம் தராமல் போகும் அபாயம் வேறு. அதற்கு இசிஜிசி என்ற ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனம் இருக்கிறது, திருப்பூரிலேயே கிளை உண்டு.

தொழிலாளர் விஷயத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யில் வருகிறார்கள். இ.எஸ்.ஐ.யில் பதியாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் 2025 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி (அதற்கு முன் 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி) முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்க முடியும். கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்பது பதில் ஆகாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் விடுதிகளில் தங்கி உழைப்பவர்களின் குடும்பத்தை நினைத்தாவது ஊழியர் இழப்பீட்டுக்கான பாலிசியை எடுத்துவையுங்கள்.

யாருக்கு எது

வீடு, குடும்பம், சொந்த வண்டி ஆகியவற்றுக்கு ஏஜென்ட் அல்லது ஆன்லைன். ஒரே கட்டடத்தில் நாலைந்து பவர் டேபிள் (மோட்டார் தையல் இயந்திரம்) போட்டு, சரக்கு வெளியே போகாமல் வேலை செய்பவருக்கு நல்ல ஏஜென்ட் மூலம் எடுக்கும் சூக்ஷ்ம உத்யம் பாலிசி போதும். தொகையைச் சரியாகப் போட வேண்டும், அவ்வளவுதான். சரக்கு இரண்டு மூன்று இடங்களுக்குப் போய்வர ஆரம்பித்த நாளிலிருந்து புரோக்கர் தேவைப்படுகிறார். ஈரோட்டில் பிறருடைய மஞ்சளைத் தன் குடோனில் வைத்திருப்பவர், கரூரில் நெய்தலையும் தையலையும் வெளியே கொடுக்கும் ஜவுளி ஏற்றுமதியாளர், கோவையில் வாடிக்கையாளரின் அச்சுகளையும் பேட்டர்ன்களையும் வைத்துக்கொண்டு வார்ப்பு செய்யும் ஃபவுண்டரி எல்லோரும் இந்த வகைதான். அளவுகோலாக நான் எடுத்துக்கொள்வது விற்றுமுதலை அல்ல. நம் பொருள் பிறர் இடத்திலோ பிறர் பொருள் நம் இடத்திலோ இருக்கிறதா என்பதை.

வண்டிகளில் ஒரு விதிவிலக்கு. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு ஏஜென்ட் போதும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குப் போதாது. ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது ரிக் கவிழ்ந்தால், அதற்கென்று கூடுதல் பிரீமியம் கட்டியிராத வண்டி பாலிசியில் அந்தச் சேதம் வராது. சாலையில் போகும்போது கவிழ்ந்தால் வரும், வேலை செய்யும்போது கவிழ்ந்தால் வராது. ரிக் கவிழ்வது பெரும்பாலும் எப்போது என்று தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வரி தெரிந்தவரிடம்தான் ரிக் பாலிசியைக் கொடுக்க வேண்டும்.

பெரிய புரோக்கரா, கோவை புரோக்கரா

மும்பையையும் சென்னையையும் தலைமையிடமாகக் கொண்ட பெரிய புரோக்கர்களிடம் பொறியாளர்கள் இருக்கிறார்கள், கிளெய்முக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, காப்பீட்டு நிறுவனத்தின் மேல்மட்டத்தில் பேச்சு எடுபடுகிறது. நூற்பாலை, காற்றாலை, பெரிய சாயச்சாலை என்று பிரீமியமே பல லட்சம் வரும் இடங்களுக்கு அவர்கள் பொருத்தம். ஆண்டுக்கு ஓரிரு லட்சம் பிரீமியம் கட்டும் யூனிட்டுக்கு அங்கே கிடைப்பது ஒரு போன் எண்தான். அந்தப் பக்கம் பேசுபவருக்கு ரைசிங், காம்பாக்டிங் என்றால் விளக்க வேண்டியிருக்கும்.

கோவையில் இருக்கும் நடுத்தர புரோக்கர் அவிநாசி சாலையில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார். நம் முதலாளிகளின் பேச்சும் தெரியும், ஸ்டாக் புத்தகம் எப்படி எழுதப்படுகிறது என்பதும் தெரியும். சிறு, நடுத்தர யூனிட்டுக்கு நான் இவரைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. எங்கள் தொழிலில் தீ கிளெய்ம் நடத்திக்கொடுத்திருக்கிறீர்களா, அந்த முதலாளியிடம் நான் பேசலாமா என்று கேட்க வேண்டும். விற்ற பாலிசிகளின் பட்டியலைக் காட்டுகிறவர் நிறையப் பேர். முடித்த கிளெய்மைக் காட்டுகிறவரே வேண்டும். அந்த முதலாளியிடம் பேசும்போது, பணம் வந்ததா என்பதோடு நிறுத்தாமல், சர்வேயர் வந்த நாளில் புரோக்கர் அலுவலகத்திலிருந்து யார் வந்தார் என்றும் கேளுங்கள்.

வேலை செய்யும் முறை

ரெனியூவலுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். கடைசி வாரத்தில் போனால் புரோக்கராலும் பழைய பாலிசியை அப்படியே புதுப்பிக்கத்தான் முடியும். அவர் யூனிட்டுகளைச் சுற்றிப் பார்த்து, எல்லா விவரங்களையும் ஒரே குறிப்பாக எழுதி, அதே குறிப்பை எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டும். அப்போதுதான் வரும் விலைகளை ஒப்பிட முடியும். அந்தக் குறிப்பை அனுப்புவதற்கு முன் நீங்கள் படித்துக் கையெழுத்திடுங்கள். அதில் விட்டுப்போன முகவரிக்கு நாளைக்கு வேறு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஒரே வேலையை மூன்று புரோக்கர்களுக்கு விட்டுப் போட்டி போடவைப்பது நம் ஊர்ப் பழக்கம். நூல் வாங்குவதில் அது பலிக்கும். இங்கே மூவரும் அதே நான்கைந்து நிறுவனங்களின் அலுவலகத்துக்குத்தான் போவார்கள். ஒரே யூனிட்டுக்கு மூன்று விதமான விவரங்கள் போய்ச் சேர்ந்தால் அங்கிருப்பவர்கள் யாருக்கும் ஒழுங்கான விலை தர மாட்டார்கள். புரோக்கர்களைத் தேர்ந்தெடுக்கும்போது போட்டி வையுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு ஒருவருக்கே நியமனக் கடிதம் கொடுங்கள், அதில் எந்தெந்த பாலிசி, எந்த ஆண்டுக்கு என்று தெளிவாக எழுதுங்கள். திருப்தி இல்லையென்றால் அடுத்த ஆண்டுக்கு வேறொருவருக்குக் கடிதம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். பிரீமியக் காசோலையைக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரிலேயே கொடுங்கள். பிரீமியம் நிறுவனத்துக்குப் போய்ச் சேராமல் காப்பீடு தொடங்காது என்பது காப்பீட்டுச் சட்டம் 64வி.பி. பிரிவு.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். "கமிஷனில் பாதியை உங்களுக்கே தருகிறேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குபவர்கள் இன்னும் அதிகம். காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி கொடுப்பதும் தவறு, வாங்குவதும் தவறு. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தை விட்டுவிட்டுத் தொழிலாகப் பார்த்தாலும் இது நட்டம். அந்தக் கமிஷன்தான் எரிந்த குடோனுக்குள் புரோக்கரின் ஆள் வந்து நிற்பதற்கான கூலி. அதை முன்கூட்டியே பறித்துக்கொண்ட பிறகு அவரிடம் என்ன வேலையை எதிர்பார்க்க முடியும்?

தீ விபத்து நடந்தால் அன்றே நிறுவனத்துக்கும் புரோக்கருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் எரிந்த துணியை அள்ளி வெளியே போடக் கூடாது. தண்ணீரில் நனைந்த ரோல்களை மட்டும் தனியே நகர்த்தி, படம் எடுத்து, எண்ணிக்கை எழுதி வைக்கலாம். தீயணைப்புத் துறையின் சான்று, ஸ்டாக் புத்தகம், ஜி.எஸ்.டி. விவரத்தாக்கல், ஜாப் ஒர்க் செலான் எல்லாம் கேட்பார்கள். இவற்றில் செலான்தான் உயிர்நாடி. எந்தத் தேதியில், எத்தனை கிலோ, என்ன ரகத் துணி பட்டறைக்குப் போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று செலான் புத்தகம் சொன்னால் சர்வேயரால் மறுக்க முடியாது. செலான் புத்தகம் எரிந்த யூனிட்டுக்குள்ளேயே இருந்து, கணினியும் அங்கேயே இருந்தால் கிளெய்ம் நாதியற்றுப் போகும். கணக்கின் நகல் வேறிடத்தில் இருக்கிறதா என்று ரெனியூவல் சமயத்திலேயே விசாரிக்கும் புரோக்கரைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருகிறது.

சர்வேயரை நியமிப்பது காப்பீட்டு நிறுவனம். அவர் கேட்கும் ஒவ்வொரு தாளுக்கும் பதில் தயாரிப்பது, குறைத்த தொகைக்குக் காரணம் கேட்டு எழுதுவது, பாலிசியின் எந்த வரி நமக்குச் சாதகம் என்று எடுத்துக்காட்டுவது எல்லாம் புரோக்கரின் வேலை. தொகை முடிவாகும்போது முழுமையான, இறுதியான தீர்வு என்று கையெழுத்துக் கேட்பார்கள். ஒப்புதல் இல்லையென்றால் ஆட்சேபத்தை எழுதாமல் கையெழுத்திடாதீர்கள்.

நிறுவனம் மறுத்தால் முதலில் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும்; ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனு கொடுக்கலாம். தனி உரிமையாளர் தொழில்களும் குறுந்தொழில்களும் அங்கே போகலாம். 2025 ஏப்ரல் முதல் முதலீடு 2.5 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில் என்பதால், நம் வட்டாரத்தின் கணிசமான யூனிட்டுகள் இதில் அடங்கும். 2021 திருத்தத்துக்குப் பிறகு புரோக்கரின் சேவைக் குறைபாட்டுக்கும் அங்கே புகார் கொடுக்க முடியும். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச்சேர வேண்டும். அதைவிடப் பெரிய தொழில்களுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வணிக நிறுவனம் எடுத்த காப்பீடு என்பதாலேயே அது நுகர்வோர் வழக்கு ஆகாது என்று சொல்ல முடியாது என 2023இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த இரண்டில் எந்த வழிக்குப் போனாலும் மறுப்புக் கடிதம், சர்வேயர் அறிக்கையின் நகல், புரோக்கருக்குக் கொடுத்த நியமனக் கடிதம், ரெனியூவலுக்கு முன் கையெழுத்திட்ட குறிப்பு ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். சர்வேயர் அறிக்கை தானாக வராவிட்டால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.